பிழையும் திருத்தமும்

(இணையவழி இலக்கியக் கூடுகையின் நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நியூ ஜெர்சியில் இப்போது சனிக்கிழமை காலை பத்தரை மணி. டெக்சாஸ் நண்பர்களுக்கு ஒன்பதரை. கலிபோர்னியாவில் ஏழரைதான் ஆகிறது, ஆனாலும் காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

"வேலையிலும் வாழ்க்கையிலும் தோல்வியிலிருந்து கற்றுக்கொள்வது" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. ஒப்புக்கொள்வதற்கு முன் கொஞ்சம் தயங்கினேன். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வென்றவர்கள். மேடை ஏறி, "நானும் ஒரு காலத்தில் தோற்றேன்" என்று தொடங்குவார்கள். கேட்கிற நமக்கு முடிவு முன்பே தெரியும். நான் அப்படிப் பெரிதாக எதையும் வென்றவன் இல்லை. மென்பொருள் துறையில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்திருக்கிறேன், கொஞ்சம் வாசிக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் தோல்வியை மறைப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் வந்தேன்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 கிளம்புகிறது. முதல் கட்டம் சரியாக எரிகிறது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய், ஐந்து நிமிடம் சொச்சத்தில் ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுகிறது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவன். அன்று பத்திரிகையாளர்களைத் தவனே சந்தித்துப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றிகரமாகச் சென்றபோது, கலாமைப் போய்ப் பேசச் சொன்னார். தோல்வியைத் தலைவன் தாங்குவான், வெற்றியைத் தொண்டனுக்குக் கொடுப்பான் என்று இந்தக் கதையை நாம் நூறு முறை பகிர்ந்திருப்போம். நல்ல கதைதான்.

ஆனால் அதே கதையில் கலாம் சொன்ன இன்னொரு பகுதி உண்டு. அதை நாம் அவ்வளவாகப் பகிர்வதில்லை. ஏவுவதற்குச் சற்று முன் கணினி, ஏவுதலை நிறுத்தி வைக்கச் சொன்னது. நிபுணர்கள் கணக்குப் பார்த்து, பிரச்சினை இல்லை, போகலாம் என்றார்கள். கணினியின் எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னது தானே என்று கலாம் பின்னாளில் பல மேடைகளில் சொன்னார். கட்டுப்பாட்டு அமைப்பில் இருந்த அமிலக் கசிவைச் சின்ன விஷயம் என்று எடைபோட்டது தன் முடிவு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அடுத்த ராக்கெட்டைச் செய்ய உதவியது இந்த இரண்டாவது பகுதிதான் என்று நினைக்கிறேன். தவனின் பெருந்தன்மை, கலாம் உண்மையைச் சொல்வதற்கு ஓர் இடத்தை உண்டாக்கியது. ஆனால் கசிவு எங்கே, எச்சரிக்கை எப்போது வந்தது, அதை ஒதுக்கியது ஏன் என்று ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: தோல்வி தானாக யாருக்கும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. அதைச் சொன்னால்தான் கற்றுக்கொடுக்கிறது. சொல்ல வேண்டுமானால், சொல்கிறவருக்கு அடி விழாத ஓர் இடம் வேண்டும்.

இப்போது என் கதை. 2009. நியூ ஜெர்சியில் ஒரு நிறுவனத்தில் தரவுத்தளப் பிரிவில் இருந்தேன். பொருளாதாரம் சரிந்து, எந்த வெள்ளிக்கிழமை யார் பெயர் வரும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம். ஒரு சனிக்கிழமை இரவு வீட்டிலிருந்து ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டிருந்தேன். திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று சோதனைத் தளம், இன்னொன்று வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் உண்மையான தளம். பழைய பதிவுகளை அழிக்கும் கட்டளையைத் தவறான ஜன்னலில் ஓட்டிவிட்டேன். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு வயிற்றில் ஏற்படும் அந்த உணர்வு தெரியும். சொல்லி விளக்க முடியாது.

மணி அப்போது 1:10. உடனே மேலாளரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை. நாமே சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். காப்புப் பிரதியைத் தேடினேன், மீட்டெடுக்கப் பார்த்தேன், கை நடுங்கியது. 1:30க்கு வழக்கமான இரவுப் பணி தானாக ஓட ஆரம்பித்தது. அது என்னுடைய ஓட்டை விழுந்த தரவை எடுத்துக்கொண்டுபோய் வேறு நான்கு அமைப்புகளில் சேர்த்தது. 1:50க்கு, வேறு வழியில்லாமல், மேலாளருக்கு போன் செய்தேன். நாற்பது நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருந்தால் அந்த இரவுப் பணியை நிறுத்தியிருப்பார்கள், ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். இப்போது ஆறு பேர் இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தார்கள்.

மேலாளர் கோபப்படவில்லை. திங்கட்கிழமை அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. தவறான ஜன்னலில் தட்டுவது எனக்கும் நடக்கும், ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை என்றார். அடுத்த மாதம் ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அந்த இரவுக்கும் பட்டியலுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் வேலை இல்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். கும்பகோணத்தில் இருந்த அப்பா அம்மாவுக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கும் சொல்லவில்லை. காலையில் மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி ஊர் நூலகத்தில் போய் உட்கார்வேன். அந்த ஐந்து மாதத்தில்தான் தமிழ்ப் புத்தகங்களை மறுபடி படிக்க ஆரம்பித்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்து பெட்டியிலேயே கிடந்த ஒரு புத்தகம், உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'.

அதில் 1880ஆம் ஆண்டில் நடந்த ஒரு சந்திப்பு வருகிறது. பலருக்குத் தெரிந்திருக்கும். சாமிநாதையர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் முன்சீபாக ஊருக்கு மாற்றலாகி வருகிறார். மரியாதைக்காகப் பார்க்கப் போகிறார் இவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று பெரிய பட்டியலைச் சொல்கிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் படித்ததில்லை.

ஒரு தமிழாசிரியருக்கு இதைவிடப் பெரிய தோல்வி என்ன இருக்க முடியும்? சாமிநாதையர் இதை எழுதாமல் விட்டிருந்தால் நமக்குத் தெரியவே வாய்ப்பில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் ஏறக்குறைய அறுபது வருடம் கழித்து, 1940 முதல் ஆனந்த விகடனில் தன் வரலாற்றை எழுதியபோது, அவர் மகாமகோபாத்தியாயர், தமிழ்த்தாத்தா. அந்த உயரத்தில் இருந்துகொண்டு, தன் படிப்பைப் பற்றித் தனக்கு இருந்த பெருமிதம் அந்த அறையில் எப்படி உடைந்தது என்பதை விரிவாக எழுதினார். பிறகு முதலியார் கொடுத்த கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு விளங்காமல் திணறியதையும், சமண சமயச் செய்திகள் புரியாமல் கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதினார். மற்றவர்களுக்குப் பாடம் சொல்கிறவர், போய் உட்கார்ந்து, எனக்கு இது தெரியவில்லை, சொல்லுங்கள் என்று கேட்கிறார். ஏழு வருடம் கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இந்தக் கதையையும் வெற்றிக் கதையாகச் சொல்லிவிடலாம். நூலகத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்குத் தெரியாது என்று அவரால் எப்படி வாயால் சொல்ல முடிந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னால் 1:10க்கு அதைச் சொல்ல முடியவில்லையே.

பழைய தமிழ்ப் புத்தகங்களில் இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். முன்பும் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. புத்தகத்தின் முன்னாலோ கடைசியிலோ ஒரு பக்கம் இருக்கும். 'பிழையும் திருத்தமும்' என்று தலைப்பு. ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில் பிழை வராமல் இருக்காது. அச்சடித்த தாள்களைத் தூக்கிப் போடவும் முடியாது. ஆகவே ஓர் அட்டவணை போடுவார்கள். பக்கம், வரி, பிழை, திருத்தம். நான்கு கட்டம். புத்தகத்தை வாங்கியவர் பேனாவை எடுத்து அந்தந்த இடத்தில் திருத்திக்கொண்டு படிக்க வேண்டும். என் தாத்தா அப்படித் திருத்திய புத்தகங்கள் எங்கள் வீட்டில் இருந்தன.

அந்த அட்டவணையில் இல்லாத கட்டம் ஒன்று உண்டு. யார் என்ற கட்டம். எழுத்துக் கோத்தவரா, மெய்ப்புப் பார்த்தவரா, ஆசிரியரா என்று அதில் இருக்காது. வாசகருக்கு அது தேவையில்லை. எந்தப் பக்கம், எந்த வரி, என்ன இருக்கிறது, என்ன இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இந்த நான்கு கட்டங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டெக்சாஸில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2003 பிப்ரவரி 1. அதுவும் ஒரு சனிக்கிழமை காலை. தரையிறங்குவதற்குப் பதினாறு நிமிடம் இருக்கும்போது கொலம்பியா விண்வெளி ஓடம் டெக்சாஸ் வானத்தில் உடைந்து சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் கல்பனா சாவ்லாவும் ஒருவர். டெக்சாஸில் ஆர்லிங்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவர். ஓடத்தின் சிதறல்கள் நாக்கடோச்சஸ், ஹெம்பில் போன்ற கிழக்கு டெக்சாஸ் ஊர்களில் காட்டிலும் வயலிலும் விழுந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் வரிசை வரிசையாக நடந்து பொறுக்கினார்கள். 84,000 துண்டுகள் கிடைத்தன. அது ஓடத்தின் எடையில் 38 சதவிகிதம்.

காரணம் பிறகு தெரிந்தது. ஜனவரி 16 அன்று கிளம்பி 82 நொடி ஆனபோது, வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத்துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. மறுநாளே படச்சுருளில் அதைப் பார்த்துவிட்டார்கள். இறக்கையில் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, அதைப் படம் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று மூன்று தடவை கோரிக்கை எழுந்தது. மூன்றும் நின்றுபோயின. ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்தில் இருந்த ஒரு மூத்த பொறியாளர், படம் எடுக்க மறுப்பது தவறு என்று கடுமையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். எழுதி, அச்செடுத்து, சக ஊழியரிடம் காட்டினார். மேலே அனுப்பவில்லை. மேலதிகாரிகளைத் தாண்டிப் போகத் தயங்கினார்.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் இதைப் படித்தபோது எனக்கு என் நாற்பது நிமிடம் ஞாபகம் வந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எழுதவாவது செய்தார். அனுப்பும் பொத்தானுக்கும் விரலுக்கும் நடுவில் இருந்தது என்ன என்பதுதான் கேள்வி.

நுரைத்துண்டு பெயர்வது அவர்களுக்குப் புதிது இல்லை. முதல் பயணத்திலிருந்தே பெயர்ந்துகொண்டுதான் இருந்தது. 2002 அக்டோபரில் போன ஒரு பயணத்தில் அதே இடத்திலிருந்து ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியது. திரும்பத் திரும்ப நடந்து ஒன்றும் ஆகாததால் அது பிழை என்ற பட்டியலிலிருந்து வழக்கம் என்ற பட்டியலுக்கு நகர்ந்துவிட்டது. 1986இல் சேலஞ்சர் வெடித்ததற்கு முன்பும் ரப்பர் வளையங்கள் விஷயத்தில் இதேதான் நடந்தது. குளிரில் ஏவ வேண்டாம் என்று முந்தின இரவு பொறியாளர்கள் சொன்னார்கள், எடுபடவில்லை. பதினேழு வருடத்தில் அதே நிறுவனம் அதே பாடத்தில் இரண்டாவது தடவை தோற்றது. தோல்வி தானாகக் கற்றுக்கொடுக்கும் என்றால் சேலஞ்சரே போதுமே.

2003 ஜூலையில் சான் அன்டோனியோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்தார்கள். அதே அளவு நுரைத்துண்டை மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கையின் முன்விளிம்புத் தகடு ஒன்றின் மேல் எறிந்தார்கள். பதினாறு அங்குல அளவுக்கு ஓட்டை விழுந்தது. நுரை என்ன செய்துவிடும் என்று அதுவரை நினைத்தவர்களும் அன்று நேரில் பார்த்தார்கள். ஆகஸ்டில் வந்த அறிக்கை, இந்த விபத்தில் நுரைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அந்த அமைப்பின் பண்பாட்டுக்கும் உண்டு என்று முடிவு செய்தது. முக்கியமான பொறியியல் சந்தேகங்கள் பவர்பாயின்ட் பக்கத்தில் கீழே, சின்ன எழுத்தில் புதைந்து கிடந்ததைக்கூட அறிக்கை சுட்டிக்காட்டியது. நம்மில் எத்தனை பேர் அப்படி ஒரு பக்கம் தயாரித்திருப்போம் என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் எனக்கு வேதனையான இன்னொரு விஷயம் உண்டு. தவறைச் சொல்வதற்குப் பாதுகாப்பான இடத்தை எப்படி உண்டாக்குவது என்பது அதே நாசாவுக்கு நன்றாகத் தெரியும். கலிபோர்னியா விரிகுடாப் பகுதியில் மௌன்டன் வியூ பக்கம் போனவர்கள், நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் பிரம்மாண்டமான விமானக் கொட்டகையைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம். 1976இலிருந்து அங்கே ஒரு திட்டம் நடக்கிறது. விமானிகள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், பணிப்பெண்கள், பழுதுபார்ப்பவர்கள் யார் வேண்டுமானாலும் தங்கள் தவறையோ, விபத்தாக மாறாமல் தப்பிய சம்பவத்தையோ எழுதி அனுப்பலாம்.

அது எப்படி வந்தது? 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனுக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். எவ்வளவு உயரத்துக்கு இறங்கலாம் என்பதில் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே ஏற்பட்ட குழப்பம். விசாரித்தபோது தெரிந்தது, ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே குழப்பத்தில் அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்கு அந்தச் செய்தி போய்ச்சேரவில்லை. ஒரு வீட்டுக்குத் தெரிந்த உண்மை பக்கத்து வீட்டுக்குத் தெரியாததால் 92 உயிர்.

அந்தத் திட்டத்தின் விதிகள் எளிமையானவை. அறிக்கைகளைப் பெறுவது தண்டனை கொடுக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்துத் துறை இல்லை, நாசா. சரிபார்த்ததும் பெயரை நீக்கிவிடுவார்கள். வேண்டுமென்று செய்யாத தவறை, பத்து நாளுக்குள் எழுதி அனுப்பியிருந்தால், பிறகு துறை நடவடிக்கை எடுத்தாலும் அந்தத் தண்டனை விலக்கப்படும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்திருக்கின்றன. படித்துத் தொகுத்து, எல்லோரும் பார்க்கும்படி வைக்கிறார்கள். நம் பழைய அச்சகத்தாரின் பக்கம், வரி, பிழை, திருத்தம்தான். யார் என்ற கட்டம் இல்லை.

யார் என்று கேட்காவிட்டால் பொறுப்பில்லாமல் போய்விடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் குற்றச்செயல், விபத்து, வேண்டுமென்றே செய்தது இவற்றுக்கு அங்கே விலக்கு கிடையாது. அதோடு பிழை என்ற கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் போகவும் முடியாது. திருத்தம் என்ற கட்டம் காலியாக இருந்தால் அது பிழைதிருத்தம் ஆகாது, புலம்பல்தான். செய்தவரே திருத்தத்தையும் எழுத வேண்டும் என்பதைவிடப் பெரிய பொறுப்பு என்ன இருக்கிறது?

இன்று பல மென்பொருள் நிறுவனங்களிலும் இந்த வழக்கம் வந்துவிட்டது. ஒரு சேவை நின்றுபோனால், சரிசெய்த பிறகு, பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமல் ஓர் ஆய்வுக் குறிப்பு எழுதுகிறோம். எந்த நிமிடம் என்ன நடந்தது, எச்சரிக்கை ஏன் வரவில்லை, மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யப்போகிறோம். நான் பிறகு சேர்ந்த நிறுவனத்தில் இந்தக் கூட்டங்களைப் பல வருடமாக நடத்தியிருக்கிறேன். யாராவது இளைஞர் குரல் நடுங்கப் பேசினால், நீ செய்தது பெரிய விஷயமில்லை, என்ன நடந்தது என்று மட்டும் சொல் என்பேன். அதில் எனக்கு நல்ல பெயரும் உண்டு.

இனி வீட்டுக்கு வருகிறேன். அடுத்துச் சொல்வதை என் மகளின் அனுமதியோடு சொல்கிறேன்.

அவள் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். முதல் வருடத்தின் இரண்டாம் பருவத்தில் வேதியியலிலும் கணிதத்திலும் தேறவில்லை. இங்கே கல்லூரி மதிப்பெண்கள் மாணவருக்குத்தான் போகும், பெற்றோருக்கு வராது. எட்டு மாதம் எங்களிடம் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை போன் செய்வாள். "எல்லாம் நல்லாப் போகுதுப்பா" என்பாள். 2022 டிசம்பரில் அடுத்த பருவத்துக்கான கட்டணச் சீட்டு வந்தபோது அதில் உதவித்தொகைக் கழிவு இல்லை. அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

விமானம் ஏறிப் போனேன். ஒரு உணவகத்தின் வாகன நிறுத்தத்தில், வாடகைக் காருக்குள் உட்கார்ந்து பேசினோம். நான் கேட்ட கேள்விகள் இவை: எத்தனை மார்க்? யார் கூடச் சுத்திட்டு இருந்தே? யாரைக் கேட்டு மறைச்சே? வருடக்கணக்காக அலுவலகத்தில் பெயரே கேட்காமல் கூட்டம் நடத்தியவன், சொந்த மகளிடம் முதல் நிமிடத்திலேயே யார் யார் என்று ஆரம்பித்தேன். கடைசியாக, "எங்ககிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பா, உங்களுக்கு வேலை போனப்ப நீங்க தாத்தாகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். "தாத்தா போன் பண்ணா அப்பா மீட்டிங்ல இருக்காங்கன்னு சொல்லச் சொல்வீங்க. நீங்க பக்கத்துல சோபாலதான் உட்கார்ந்திருப்பீங்க" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. எங்கள் வீட்டு வழக்கம் என்னவோ அதைச் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்திருக்கிறாள்.

அடுத்த கோடையில் கும்பகோணம் போயிருந்தேன். அப்பா 2016இல் இறந்துவிட்டார். ஒரு மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். "2009ல அஞ்சு மாசம் எனக்கு வேலை இல்லைம்மா." அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "அதுனாலதான் அந்த வருஷம் பணம் அனுப்பலையா?" என்றார். "முந்தின வருஷம் பூர்வீக வீட்டை வித்ததுல உனக்கு எங்க மேல மனஸ்தாபம், அதான் அனுப்பலைன்னு அப்பா நெனச்சாருப்பா. கடைசி வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தாரு. உன்கிட்ட கேட்கவும் அவருக்குக் கூச்சம்."

வீட்டை விற்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அப்பாவுக்கு இனி அதைச் சொல்ல முடியாது.

மறைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துத்தான் மறைக்கிறோம். ஆனால் நாம் சொல்லாமல் விட்ட இடம் காலியாக இருப்பதில்லை. மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றிய காரணத்தைப் போட்டு அதை நிரப்பிக்கொள்கிறார்கள். ஹூஸ்டனில் அந்த இடத்தை, பிரச்சினை ஒன்றுமில்லை என்ற முடிவு நிரப்பியது. கும்பகோணத்தில், மகனுக்கு நம் மேல் கோபம் என்ற நினைப்பு ஏழு வருடம் நிரப்பியிருந்தது.

கடல் கடந்து வந்த நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஊரில் நம்மைப் பற்றி ஒரு வெற்றிக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கெடுக்க மனம் வருவதில்லை. வேலை போனதை, விசா சிக்கலை, கடனை, மணமுறிவை, பிள்ளைகளின் தடுமாற்றத்தை அங்கேயும் சொல்வதில்லை, இங்கே வாரக்கடைசி விருந்துகளிலும் சொல்வதில்லை. ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் ஒரே பிரச்சினை இருக்கும், இரண்டு பேரும் புன்னகையோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம். அந்த மலையில் மோதாமல் தப்பிய முதல் விமானத்தில் இருந்தவர்கள் நம்மிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்த விமானத்துக்குச் சொல்லாமல் இருக்கிறோம்.

தீர்வு என்று பெரிதாக எதுவும் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளோடும் அம்மாவோடும் பேசும்போது, இந்த வாரம் தவறாகப் போன ஒன்றை நான் முதலில் சொல்கிறேன். நான்தான் முதலில், அது முக்கியம். சின்ன விஷயமாகத்தான் இருக்கும். கேட்கிறவர்கள் ஏன் என்றோ, யாரால் என்றோ கேட்கக்கூடாது என்பது ஒன்றே விதி. அடுத்து என்ன செய்யப்போறே என்று கேட்கலாம். அம்மாவுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. நல்ல வார்த்தை சொல்லுப்பா என்பார். இப்போது அவரே தொடங்கிவிடுகிறார். போன வாரம் மாத்திரையை மாற்றிப் போட்டுக்கொண்டதைச் சொன்னார். வேறு சமயமாக இருந்தால் மூச்சு விட்டிருக்க மாட்டார்.

மகள் பாடத்தை மாற்றிக்கொண்டாள். ஒரு வருடம் தாமதமாகத்தான் முடிப்பாள். உதவித்தொகை திரும்பக் கிடைக்கவில்லை, அந்தப் பணத்தை நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம். இதற்கு மேல் அந்தக் கதையில் வெற்றி எதுவும் வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை. இப்போது எது நடந்தாலும் எங்களுக்குத் தெரிகிறது.

இந்த உரையை எழுதி முடித்ததும் நேற்று அவளுக்கு அனுப்பினேன். பேசலாமா வேண்டாமா என்று அவள்தானே சொல்ல வேண்டும். இரவு பதில் வந்தது. பேசுங்க, ஆனா ஒரு இடம் தப்பு என்றாள். அவளுக்கு மதிப்பெண் வந்தது மே மாதம், எங்களுக்குத் தெரிந்தது டிசம்பர். எட்டு மாதம் என்று சற்று முன்பு உங்களிடம் சொன்னேன். வேண்டுமென்றேதான் மாற்றாமல் வைத்திருந்தேன்.

பிழை: எட்டு. திருத்தம்: ஏழு. குறித்துக்கொள்ளுங்கள்.